ஊசிப்போனது

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று மூன்று பேட்டரி செல் வெடித்தன. மூன்றாவது வெடித்தபோது சோதனைக் கூண்டின் இரும்புக் கதவு கொக்கியோடு பெயர்ந்து, வேலைக்காரப் பையன் லோகுவின் காதோரமாகப் பறந்துபோய்ச் சுவரில் குத்தி நின்றது. ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருந்தால் இந்நேரம் நான் அவன் வீட்டு வாசலில் தலையைக் குனிந்து நின்றிருப்பேன். அவனுக்குப் புருவம் ஒரு பக்கம் கருகிவிட்டது. அவன் சிரித்துக்கொண்டே நின்றான். பயந்தால் சிரிக்கிறவன் அவன்.

உக்கடம் லாரிப்பேட்டையில் சைக்கிளில் கேன் கட்டிப் பேட்டரித் தண்ணீர் விற்று மேலே வந்தவன் நான். ஈய பேட்டரியை எனக்குத் தெரியும். அது எருமை மாதிரி, எதைக் கொட்டினாலும் நிற்கும். இந்த லித்தியம் கட்டுத்தறியை அறுக்கிற காளை. கண்ணில் பட்டவனை முட்டிவிட்டுத்தான் அடங்கும்.

வயலுக்கு மருந்தடிக்கும் டிரோனுக்குப் பாதி எடையில் பேட்டரி கேட்கிறது பெங்களூர் கம்பெனி. லித்தியம் உலோகத்தையே தகடாக உள்ளே வைத்தால் முடியும். வைத்தால் என்ன ஆகிறதென்றால், சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அந்தத் தகட்டின்மேல் சமமாகப் படியாமல் ஊசி ஊசியாக முளைக்கிறது. ஊசி நடுவிலிருக்கும் தடுப்புத் தாளைக் குத்திக்கொண்டு போய் அந்தப் பக்கத்தைத் தொட்டால் தீ. இதற்கு, கெமிஸ்ட்ரியில் டாக்டர் பட்டம் வாங்கிய எங்கள் டாக்டரம்மா ஜெனிட்டா இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொல்வார். நான் ஒரே சொல்லில் முடித்துவிட்டேன்: ஊசிப்போச்சு. கெட்டுப்போன சோற்றுக்குச் சொல்கிற அதே சொல். இப்போது ஷெட் முழுக்க அதுதான். டாக்டரம்மாவே தன் நாகர்கோவில் இழுப்பில் ‘சார், ஏழாம் நம்பர் ஊசிப்போச்சு’ என்கிறார். வியாபாரிக்குப் பேர் வைக்கத் தெரியவேண்டும்.

செப்டம்பர் கடைசியில் கம்பெனி ஆள் வந்து செல்லில் ஆணி இறக்கிப் பார்ப்பார். தீப்பிடிக்கக் கூடாது. பிடித்தால் ஷெட், கடை, வீடு எல்லாம் போகும். எதிர்ச்சாரியில் சீனா செல்லை வாங்கிக் கட்டி விற்கிற என் மைத்துனன் சென்னியப்பன் அன்றைக்குப் பட்டாசு வெடிப்பான்.

ஆகஸ்ட் 9, சனி

லோகுவை அறைந்தேன். மழையில் நனைந்த சட்டையோடு டிரை ரூமுக்குள், ஈரக்காற்றே ஆகாத அந்தக் கண்ணாடி அறைக்குள், போய்விட்டான். ஈரம் பட்டால் லித்தியம் சும்மா இருக்காது என்று நாய்க்குச் சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறேன். ஒரு சுருள் தகடு முழுக்கக் கறுத்துப்போயிற்று. அடி பலமாக விழுந்துவிட்டது. உதடு கிழிந்தது.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார். “சார், இந்த ரூம்ல இன்னொரு வாட்டி கை ஓங்கினா, நான் அன்னைக்கே ரயில் ஏறிருவேன். பூச்சு எப்படிப் போடுததுன்னு நீங்களே கண்டுபிடிச்சுக்கிடுங்க.”

சரி என்றேன். ரூமுக்கு வெளியே என்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

தூறல். கடைக்குப் புது போர்டு மாட்டினேன். நான்கு செல் ஊசிப்போயின.

ஆகஸ்ட் 18, திங்கள்

கூட்டித் துடைக்க ஒரு பொம்பளையை வைத்தேன். மயிலாத்தாள். நாற்பது இருக்கும், குரல் மட்டும் ஊருக்கே கேட்கும். வீட்டில் எருமை வைத்திருக்கிறாளாம். சாப்பாட்டு மேசையில் மிச்சம் மீதி எது இருந்தாலும் எருமைக்குக் கொடுத்துவிட வேண்டும், சம்மதமா என்று வேலைக்குச் சேர்வதற்கு முன்பே என்னிடம் பேசி முடித்தாள். பேரம் எனக்குப் பிடித்தது. பின்வாசலில் அவளுடைய கழனித்தண்ணி வாளி வந்து உட்கார்ந்துவிட்டது.

பாதுகாப்புப் போர்டெல்லாம் இங்கிலீஷில் இருக்கின்றன. அவளுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆட்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. “கண்ணாடி ரூமுக்குள்ள காலெடுத்து வச்சராத” என்று வாயால் சொன்னேன். கூட்டுகிறவளுக்கு அது போதும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

லித்தியம் தகட்டின்மேல் தானாக ஒரு தோல் படிகிறதாம், புண்ணில் பொருக்கு கட்டுவதுபோல. சார்ஜ் ஏறி இறங்கத் தகடு உப்பிச் சுருங்கும்போது பொருக்கு வெடிக்கிறது. வெடிப்பு வழியாகத்தான் ஊசி முளைக்கிறது. அதனால் நாமே ஒரு நல்ல தோலைப் போர்த்திவிட வேண்டும் என்பதுதான் டாக்டரம்மாவின் மூன்று வருஷ வேலை. கெட்டித் தோல் போட்டார், கீறல் விட்டது. ரப்பர் மாதிரி மெத்தென்று போட்டார், ஊசி அதையே குத்திக்கொண்டு வந்தது. இன்றைக்கு வெடித்ததில் கூண்டுக்குள் புகை அடங்க வெகுநேரம் ஆயிற்று.

“கெட்டியா இருந்தா உடையுது, மெத்துன்னு இருந்தா குத்து வாங்குது. ரெண்டும் சேந்து வேணும் சார்” என்றார்.

மனுஷனுக்கும் அதேதான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. டீ குடித்தேன்.

சென்னியப்பன் கடையிலிருந்து பாட்டுச் சத்தம். இரண்டு வருஷத்துக்கு முன்பு இந்த ஷெட்டில் பாதி அவனுடையது. ‘இது ஆள் கொல்லுற வேலை மச்சான், சீனாவுல இருந்து வாங்கிக் கட்டி விப்போம்’ என்று ஒரு கல்யாணப் பந்தியில் எல்லோருக்கும் முன்னால் சொன்னான். சோற்றை இலையோடு அவன் முகத்தில் எறிந்தேன். அவன் என் கழுத்தைப் பிடித்தான். அன்றையிலிருந்து என் வீட்டுக்காரி வசந்தாமணிக்குப் பிறந்த வீடு இல்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஒரு செல் வெடிக்காமல் நிற்கிறது. அடியில் கெட்டிப் பூச்சு, மேலே இழுபடுகிற பூச்சு, இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்த கிளாம்பில் இறுக்கம். இறுக்கத்தைக் குறைத்தால் ஊசி. கூட்டினால் தாள் நசுங்கிவிடுகிறது. பீளமேட்டு லேத்துக்காரனிடம் நானே போய் நின்று கிளாம்பைத் திருத்தி வாங்கி வந்தேன். மூன்று நாளாகச் சார்ஜ் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, கிராப்பில் கோடு ஆடவில்லை. லோகு அந்த செல்லுக்குத் திருநீறு பூசப் போனான். டாக்டரம்மா விரட்டிவிட்டார்.

செப்டம்பர் 2, செவ்வாய், மதியம்

ஏர்போர்ட் வாசலில் காரில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெங்களூர் கம்பெனியின் முரளீதர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். நன்றாகவே போயிற்று. நிற்கிற செல்லைப் பார்த்தார். ஊசிப்போனது எப்படி இருக்கும் என்று கேட்டார். டாக்டரம்மா பழைய செல்களை அறுத்துத் தகட்டுத் துண்டுகளை எண்ணெய்க்குள் போட்டு ஒரு எவர்சில்வர் சம்படத்தில் வைத்திருக்கிறார். எண்ணெயில் இருந்தால்தான் காற்றும் தண்ணீரும் படாது. அவர் கணக்காகக் கரைத்து அழிப்பாராம். அது டிரை ரூமை விட்டு வெளியே வரக் கூடாதென்பது அவர் சட்டம். பெரிய மனுஷன் கேட்கும்போது சட்டம் பேசிக்கொண்டிருக்க முடியுமா? டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்குப் பல் காட்டப் போயிருந்தார். நானே எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்து காட்டினேன். கறுத்த துண்டுகள் எண்ணெயில் மிதந்தன. முரளீதர் போட்டோ எடுத்துக்கொண்டார்.

விமானத்துக்கு நேரமாயிற்று என்றார். ஒரே ஓட்டம். போன் வேறு அடித்தபடி இருந்தது. அது ஊசிப்போனது, எடுத்துக் கொட்டிரு என்று கையைக் காட்டிவிட்டு வண்டியை எடுத்தேன். லோகு அங்கேதான் எங்கோ நின்றிருந்தான்.

வழியில் முரளீதர் ஒரு நல்ல சொல் சொன்னார்: ‘உங்ககிட்ட தைரியம் இருக்கு.’ இளநீர் வாங்கிக் கொடுத்தேன்.

அதே நாள், சாயங்காலம்

ஷெட்டின் பின்பக்கம் எரிந்துவிட்டது. மயிலாத்தாள் உயிரோடு இருக்கிறாள். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நான் திரும்பி வரும்போது லோகு அவள்மேல் மணலை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு பாதி, கழுத்து, இரண்டு கை. வாளி இருந்த இடத்தில் சிமெண்ட் தளம் பிளந்து கிடந்தது. எரிகிற எண்ணெய் கூரை வரைக்கும் அடித்திருக்கிறது. பிளாஸ்டிக் குழாய்கள் உருகிச் சொட்டின. அவளுடைய வளையல்கள் கையோடு ஒட்டிவிட்டன. ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். அவள் கத்தவில்லை. ஊருக்கே கேட்கிற குரல், கத்தவில்லை.

எப்படி ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. டாக்டரம்மா வாளியில் மிச்சமிருந்ததைக் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு, லித்தியம், தண்ணியில விழுந்திருக்கு, யாரோ போட்டிருக்காங்க என்றார். யாரோ.

வாட்ச்மேன் ஒன்று சொன்னான். மதியம் சென்னியப்பன் வந்திருக்கிறான். இரண்டு வருஷமாக இந்த வாசலை மிதிக்காதவன், நான் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறான். பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனானாம்.

போதும்.

செப்டம்பர் 3, புதன்

காலையில் அவன் கடை திறக்கும்போது போனேன். லாரி பேட்டரி மாட்டுகிற பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டேன். நான் வருவதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று “வாங்க மச்சான்” என்றான். வாயைப் பொத்திக்கொண்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், அந்த ‘வாங்க மச்சான்’ எனக்கு ஆகவில்லை. முதல் அடி தோளில். மேசைக்குப் பின்னால் விழுந்தான். தடுக்கக் கையைத் தூக்கினான். வலது மணிக்கட்டில் இரண்டாவது அடி. பச்சை மூங்கில் பிளக்கிற சத்தம் வந்தது.

“பாப்பாவுக்குக் காதுகுத்து மச்சான். அக்காவுக்குப் பத்திரிகை வைக்கத்தானுங்க வந்தேன். பின்னால அக்கா இருப்பாளோன்னு எட்டிப் பாத்தேன்.”

நல்ல கதை. வெறுங்கையோடு வந்தாயா என்றேன். தட்டை வாட்ச்மேனிடம் கொடுத்தேன் என்றான். இன்னும் இரண்டு வைத்தேன், முதுகில். அவன் ஆட்கள் வாசலில் நின்று பார்த்தார்களே தவிர ஒருவனும் உள்ளே வரவில்லை. இந்த ரோட்டில் என்னைப் பற்றித் தெரியும்.

திரும்பி வந்ததும் வாட்ச்மேனைக் கேட்டேன். தட்டு அவன் அறையில் இருந்தது. வெற்றிலை வாடிப்போயிருந்தது. அதைக் காட்டித்தானே உள்ளே வந்திருப்பான்?

ஸ்பேனரைக் கழுவிக் காரில் போட்டேன். பெட்ரோல் அடித்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். தொழில் போட்டியில் தீ வைத்தான், தப்பி ஓடும்போது விழுந்து கை உடைந்தது. இன்ஸ்பெக்டர் வீட்டு இன்வெர்ட்டருக்கு நான்தான் பேட்டரி. கட்டுப் போட்ட கையோடு ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே கூட்டிப்போனார்கள்.

வசந்தாமணி அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

செப்டம்பர் 8, திங்கள்

முரளீதர் பேசினார். தீ சமாசாரம் பெங்களூர் வரைக்கும் போயிருக்கிறது. வெளி ஆள் செய்த சதி என்றால் கம்பெனி பொறுத்துக்கொள்ளும், உங்கள் ஆளே சரக்கைச் சரியாகக் கையாளவில்லை என்றால் ஆணி சோதனைகூட வேண்டாம், அப்படியே விட்டுவிடுவோம் என்றார். ஆள் உள்ளே இருக்கிறான் என்றேன். நல்லது என்றார்.

அந்த ஒரு செல் இன்னும் நிற்கிறது. ஷெட்டுக்கு வெள்ளையடிக்கச் சொன்னேன். புகைக்கறை சுண்ணாம்பையும் மீறித் தெரிகிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

மயிலாத்தாளுக்கு வாய்க்கட்டு பிரித்திருக்கிறார்கள். நானும் டாக்டரம்மாவும் போனோம். இடது கண் போய்விட்டது. விரல்களைத் துணியால் தனித்தனியாகச் சுற்றிவைத்திருந்தார்கள். கட்டு மாற்றும்போது நர்ஸ் துணியை இழுத்தாள், தோலும் கூட வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆஸிட் பட்டுச் சதை வெந்ததை என் கையிலேயே பார்த்தவன்தான் நான். இருந்தாலும்.

யார் வந்து போட்டது, பார்த்தாயா என்று டாக்டரம்மா கேட்டார். யாரும் வரலீங்க என்றாள் அவள். சின்னக் குரலில், என்னைப் பார்த்து, ஏதோ அவள்தான் தப்புச் செய்துவிட்ட மாதிரி:

“நீங்கதானுங்க மொதலாளி சொன்னீங்க, ஊசிப்போச்சு, எடுத்துக் கொட்டீருன்னு. எண்ணெய்க் கத்திரிக்கான்னு நெனச்சனுங்க. வீணாப் போகுதேன்னு எருமைக்கு ஊத்துனேன்.”

டாக்டரம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை.

வரும் வழியில் டயர் பஞ்சர்.

செப்டம்பர் 13, சனி

ஈய பேட்டரி லோடு வந்தது. இறக்கினோம். எழுத வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

சென்னியப்பன் மகளுக்குக் காது குத்தினார்கள். அப்பன் ஜெயிலில். வசந்தாமணி மட்டும் போய்வந்தாள். குழந்தை ஊசி குத்தினதற்கு அழவில்லையாம், அப்பா எங்கே என்றுதான் அழுததாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சோறு கட்டிக்கொண்டே போனில் யாரிடமோ சொன்னாள்.

செப்டம்பர் 17, புதன்

டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். அந்த ஆளை வெளியே விடச் சொல்லுங்க என்றார். வெளியே விட்டால் பெங்களூர் போய்விடும், உங்கள் மூன்று வருஷமும் போய்விடும் என்றேன். அவருக்குக் கண் கலங்கியது. ஆனாலும் நகரவில்லை.

“நீங்க சொல்லுதீங்களா, இல்ல நான் சொல்லட்டுமா சார்?”

கை தானாக மேலே போயிற்று. போனது எனக்கே தெரியவில்லை. அவர் ஒரு அடி பின்னால் போகவில்லை. சோதனைக் கிளாம்பின் இரும்புக் கைப்பிடியை உருவிப் பிடித்திருந்தார், அடித்தால் மண்டை பிளக்கும்.

“அடிங்க. அழுத்தத்துக்கு ஒரு அளவு உண்டு. அத நான் அளந்து வச்சிருக்கேன்.”

கையை இறக்கினேன். ஆணி சோதனை முடியட்டும் என்றேன். அது வரைக்கும் இருக்கிறேன், செல்லுக்காக, உங்களுக்காக இல்லை என்றார். போகும்போது, அந்தச் சொல் இனிமேல் இந்த ரூமில் வேண்டாம் என்றார்.

எந்தச் சொல் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 24, புதன்

முரளீதர் இரண்டு ஆட்களோடு வந்தார். நிறைய சார்ஜ் ஏற்றிய செல்லைக் கூண்டுக்குள் வைத்தார்கள். லோகு கும்பிட்டான். விரல் தடிமன் ஆணி மெல்ல இறங்கியது. தோலைத் தொட்டது, குத்தியது, உள்ளே போய் அந்தப் பக்கம் வந்தது. நெருப்பு வரவில்லை. புகை வரவில்லை. செல் கொஞ்சம் சூடாகி, பின் ஆறியது. மார்பில் கம்பி இறங்கியும் சும்மா படுத்திருக்கிறவனைப் போல இருந்தது.

அறுத்துப் பார்த்தார்கள். தகடு வழவழவென்று இருந்தது. ஒரு ஊசி இல்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். டாக்டரம்மா மட்டும் உட்கார்ந்துவிட்டார், முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு. மூன்று வருஷம். அவர் அழுவதை இன்றுதான் பார்த்தேன்.

முரளீதர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “அந்த ஆள் இன்னும் உள்ளதானே இருக்கான்?”

இருக்கிறான் என்றேன்.

டாக்டரம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். நான் இதுவரை வாங்கின அடியெல்லாம் அதற்குக் கீழேதான்.

செப்டம்பர் 25, வியாழன்

ஆர்டர் மெயிலில் வந்துவிட்டது. வீட்டுக்கு மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன்.

சாப்பிட உட்கார்ந்தேன். வசந்தாமணி தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தட்டில் சோறு இல்லை. ஸ்பேனர் இருந்தது. கார் டிக்கியிலிருந்து எடுத்து விளக்கி, துடைத்து, பளபளவென்று வைத்திருந்தாள். பக்கத்தில் உப்பு.

“மயிலா எல்லாஞ் சொல்லிட்டா. தெனமும் சோறு ஊட்டறவ நானு. இதாலதான எந்தம்பி கைய ஒடச்சீங்க. சாப்புடுங்க.”

எனக்குக் கோபம் வந்தது. வழக்கமாக வருகிற மாதிரிதான் வந்தது, காலிலிருந்து. ஸ்பேனரை எடுத்தேன். முப்பது வருஷத்தில் அவளை அடித்ததில்லை என்று சொல்லமாட்டேன். அவள் மணிக்கட்டைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். வலது கை. “அவனுக்கு இங்கதானுங்க” என்று இடத்தைக் காட்டினாள்.

ஸ்பேனரைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். கை கழுவினேன், சாப்பிடாமலே.

செப்டம்பர் 26, வெள்ளி

காலையில் ஸ்டேஷன். சொல்லவேண்டியதைச் சொன்னேன். இங்கே திரும்ப எழுதவேண்டியதில்லை, அங்கே எழுதிக்கொண்டார்கள். நான் சொல்லச் சொல்ல இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டு, யோசிச்சுத்தான் பேசறீங்களாண்ணா என்று கேட்டார். ஸ்பேனரைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். வாங்கித் துணியில் சுற்றினார்கள். வக்கீல் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். கேஸ் இனி என் பேரில்.

வாசலில் வந்து நின்று பெங்களூருக்கும் போன் போட்டேன். முரளீதர்தான் எடுத்தார். ஆர்டர் நிறுத்தம். ஷெட்டை முழுக்கத் தணிக்கை செய்து, ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, சோதனையெல்லாம் முதலிலிருந்து. அதற்குப் பிறகும் தருவோமா என்று சொல்ல முடியாது. செல் நல்ல செல், உங்களை நம்பத்தான் பயமாக இருக்கிறது என்றார்.

செப்டம்பர் 29, திங்கள்

சென்னியப்பனை விட்டார்கள். கோர்ட் வாசலில் நின்றேன். வசந்தாமணி அவன் பக்கம் நின்றாள். அவன் நேராக என்னிடம் வந்தான். வலது கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கியது. இடது கையால் அடித்தான், மூடின கையால். வாயில் உப்புக் கரித்தது. ஒரு பல் நாக்கில் வந்து விழுந்தது. இன்னொன்று அடித்தான், கீழே விழுந்தேன். வயிற்றில் மிதித்தான். போலீஸ்காரர்கள் டீக்கடைப் பக்கம் திரும்பி நின்றார்கள்.

நான் கையைத் தூக்கவில்லை. அவனுக்குத்தான் மூச்சு வாங்கியது.

“திருப்பி அடிங்க மச்சான்” என்றான். கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

எழுந்து பல்லைத் துப்பிவிட்டு, மாப்ளே, பாப்பா காது புண்ணு ஆறிருச்சா என்று கேட்டேன். அவன் தலையை ஆட்டினான், ஆமென்றா இல்லையென்றா தெரியவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. டிரை ரூம் கண்ணாடிக்கு வெளியே மட்டும் சந்தனம் வைக்க டாக்டரம்மா அனுமதித்தார். திருஷ்டிப் பூசணியை ரோட்டுக்குக் கொண்டுபோய் உடைத்தோம். போர்டெல்லாம் தமிழில் எழுதி மாட்டியாயிற்று, படமும் போட்டு. சுற்றி உட்காரவைத்து ஆட்களுக்கு அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். நானும் தரையில் உட்கார்ந்து கேட்டேன்.

லோகு இப்போது ‘குத்திருச்சு’ என்கிறான். மற்றவர்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள். பழைய சொல்லை யாரும் தடுக்கவில்லை, தானாகவே நின்றுவிட்டது. புதுச் செல்கள் பன்னிரண்டு கிளாம்பில் ஏறியிருக்கின்றன. டாக்டரம்மா எத்தனை நாள் இருப்பார் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. அவர் ரயில் ஏறவில்லை, இன்றைக்கு அதுவே போதும்.

அக்டோபர் 5, ஞாயிறு

வசந்தாமணிக்குக் காய்ச்சல். கேரியரை என் கையில் கொடுத்து, நீங்க கொண்டுபோங்க என்றாள். கோர்ட்டுக்குப் பிறகு என்னிடம் பேசின முதல் பேச்சு.

ஆஸ்பத்திரியில் மயிலாத்தாளை உட்காரவைத்திருந்தார்கள். எருமையை அவள் தங்கச்சி பார்த்துக்கொள்கிறாளாம், பால் பாதியாகக் குறைந்துவிட்டதாம். கேரியரைத் திறந்தேன். மேல் தட்டில் ரசம் சோறு. அடித் தட்டில் எண்ணெய்க் கத்திரிக்காய். கறுத்துச் சுருண்ட துண்டுகள், எண்ணெய் மேலே மிதந்தது. வசந்தாமணி தெரிந்துதான் செய்திருக்கிறாள்.

மயிலாத்தாள் இருக்கிற ஒரு கண்ணால் கிண்ணத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“இது ஊசிப்போகலீங்ளே, மொதலாளி?”

சிரித்தாளா என்று கட்டுக்குள்ளே தெரியவில்லை.

ஒரு துண்டை எடுத்து நான் முதலில் தின்றேன். பல் போன குழியில் காரம் இறங்கிக் கண்ணில் தண்ணீர் வந்தது. மென்று விழுங்கினேன்.

“நல்லாத்தானுங்க இருக்குது” என்றேன்.

அவள் வாயைத் திறந்தாள். ஊட்டினேன்.